கரி மறையும் கணம்

மிலான் நகரின் பெரிய தேவாலயத்திலிருந்து மேற்கே சில நிமிடம் நடந்தால் இரண்டு சின்னத் தெருக்கள் வரும். ஒன்று வியா ஸ்பதாரி, வாள்காரர் தெரு. மற்றது வியா அர்மோராரி, கவசக்காரர் தெரு. சுத்தி ஓசை இங்கே அடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வாள்காரர் தெருவில் இப்போது பாலாடைக்கட்டியும் ரொட்டியும் விற்கிறார்கள். ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் அரசர்களும் பிரபுக்களும் நல்ல மார்புக்கவசம் வேண்டுமென்றால் ஆள் அனுப்பிய ஊர் மிலான்தான். அந்தத் தொழிலில் பேர்போன குடும்பம் மிஸ்ஸாலியா. அதற்கடுத்த நூற்றாண்டில் பிலிப்போ நெக்ரோலி எஃகுத் தகட்டைத் தட்டியே அதில் முகங்களையும் கொடிகளையும் எழுப்பினார். அவர் செய்த தலைக்கவசம் ஒன்று, 1543 என்று ஆண்டு பொறித்தது, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளைத் தேடி இத்தாலி வந்தவர் கவசக்காரர் தெருவில் ஏன் நிற்க வேண்டும்? இரண்டும் ஒரே வேலை என்பதால்தான். தட்டையான தகடு மனித உடம்புக்கு இசைந்து வளைய வேண்டும். கவசக்காரர் முழங்காலுக்கு இடம் விட்டுத் தட்டினார். பெட்ரோல் டாங்க் செய்கிறவரும் முழங்காலுக்கு இடம் விட்டுத்தான் தட்டுகிறார். பழைய கவசங்கள் வெளியே கண்ணாடியாக மின்னும். உட்புறம் திருப்பிப் பார்த்தால் சுத்தி விழுந்த தடங்கள் வரிசையாகத் தெரியும்.

போர்த்தா கரிபால்தி நிலையத்திலிருந்து லெக்கோ போகும் புறநகர் ரயில் மோட்டார் சைக்கிள் வரலாற்றின் ஊடாகவே ஓடுகிறது. மொன்ஸாவில் 1922-இல் கட்டிய பந்தயப் பாதை இருக்கிறது. சிறிது நேரத்தில் ஆர்க்கோரே. சின்ன நிலையம், பார்ப்பதற்கு விசேஷமாக ஒன்றும் இல்லை. ஜிலேரா தொழிற்சாலை இருந்த ஊர் இது, 1993-இல் மூடப்பட்டது. 1957-இல் மான் தீவின் டிடி பந்தயத்தில், அந்த நீண்ட மலைச் சாலைச் சுற்றை மணிக்கு நூறு மைல் சராசரிக்கு மேல் ஓட்டி முடித்த முதல் ஆள் ஸ்காட்லாந்துக்காரர் பாப் மெக்கின்டயர். அவர் ஏறியிருந்தது ஆர்க்கோரேயில் பிறந்த நாலு சிலிண்டர் ஜிலேரா. அவருடைய வேகம் 101.03 மைல், அதாவது ஏறக்குறைய 162.6 கிலோமீட்டர்.

அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளின் படத்தைப் பார்த்தால் முன்சக்கரமே கண்ணுக்குத் தெரியாது. சக்கரம், எஞ்சின், ஓட்டுநரின் கைகள் எல்லாவற்றையும் மூடிய ஒரே தகட்டு உறை. ஆங்கிலேயர்கள் அதைக் குப்பைத்தொட்டி என்றார்கள். இத்தாலியர்கள் 'கம்பானா', மணி என்றார்கள். கையால் தட்டி எழுப்பிய அந்த வடிவத்துக்கு மணி என்ற பெயர்தான் தகும்.

இந்த வேலையைச் செய்கிறவருக்கும் இத்தாலிய மொழியில் தனிப்பெயர் உண்டு: 'பத்திலாஸ்த்ரா'. தகடு தட்டுகிறவர் என்பதுதான் பொருள், வேறு அலங்காரம் இல்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் டிங்கர் என்போம். ஆனால் நாம் டிங்கரிடம் பெரும்பாலும் நசுங்கியதைக் கொண்டுபோகிறோம். அவர் நிமிர்த்தித் தருகிறார், மிச்சத்தைப் பட்டி பூசி மறைக்கிறோம். பத்திலாஸ்த்ராவிடம் வருவது நசுங்காத வெறும் தகடு. அதிலிருந்து இதுவரை இல்லாத ஒரு வடிவம் பிறக்க வேண்டும்.

லெக்கோவில் ரயில் மாற வேண்டும். மன்சோனியின் 'இ புரொமெஸ்ஸி ஸ்போசி' நாவல் தொடங்கும் ஏரிக்கரை என்பதால் இலக்கிய வாசகர்கள் இங்கே இறங்குவார்கள். உலோகத்தைத் தேடுகிறவருக்கும் இது முக்கியமான ஊர். பின்னால் இருக்கும் வல்சாசினா பள்ளத்தாக்கில் பல நூற்றாண்டுகள் இரும்பு வெட்டி எடுத்து உருக்கினார்கள். அதற்கு மேலே மலையிலிருக்கும் பிரேமானா கிராமம் இன்றும் கத்தரிக்கோலுக்கும் கத்திக்கும் பெயர் வாங்கியது. லெக்கோவிலேயே கம்பி இழுக்கும் ஆலைகள் வளர்ந்தன. மிலானின் கவசக்காரக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த மிஸ்ஸாலியா ஊரும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மலையில் இரும்பு, காட்டில் கரி, ஓடையில் நீர்விசை. இப்படி ஒரு நிலத்தில் உலோகக் கை வளர்வது இயல்பு.

லெக்கோவிலிருந்து வடக்கே போகும் ரயிலில் இடப்பக்கச் சன்னலில் உட்கார வேண்டும். கோமோ ஏரியின் கிழக்குக் கிளை தண்டவாளத்துக்கு அருகிலேயே வருகிறது. வலப்பக்கம் கிரிஞா மலைகள், சுண்ணாம்புப் பாறையின் வெளிறிய சாம்பல் நிறத்தில். சுமார் பத்து கிலோமீட்டரில் மண்டெல்லோ தெல் லாரியோ.

மோட்டோ குஸ்ஸி இங்கே 1921 முதல் இருக்கிறது. முதல் உலகப்போரில் இத்தாலியக் கடற்படையின் விமானப் பிரிவில் மூன்று பேர் சந்தித்தார்கள்: இயந்திரம் அறிந்த கார்லோ குஸ்ஸி, விமானிகள் ஜோர்ஜோ பரோதி, ஜொவான்னி ரவெல்லி. போர் முடிந்ததும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் செய்வது என்று பேசிக்கொண்டார்கள். ரவெல்லி 1919-இல் விமான விபத்தில் இறந்துபோனார். நிறுவனத்தின் சின்னத்தில் சிறகு விரித்திருக்கும் கழுகு அவர் நினைவாக வைத்தது. பரோதி குடும்பத்தின் பெயரைத் தாங்கிய தெருவில் தொழிற்சாலையின் சிவப்புக் கேட் நிற்கிறது. செப்டம்பரில் குஸ்ஸி ஓட்டுகிறவர்கள் பல நாடுகளிலிருந்து இங்கே கூடும்போது, அந்தக் கேட் முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை.

கேட்டுக்குள் 1950-இல் ஒரு காற்றுச் சுரங்கம் கட்டினார்கள். முழு அளவு மோட்டார் சைக்கிளை, அதன்மேல் ஆளையும் உட்காரவைத்து, எதிர்க்காற்றில் சோதிக்கும் கூடம். மோட்டார் சைக்கிள் நிறுவனம் ஒன்று தனக்கென இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டது உலகில் அதுவே முதல் முறை. காற்றுச் சுரங்கம் சொல்லும் திருத்தம் காகிதத்தில் சின்னதாகத்தான் இருக்கும். மூக்கை இன்னும் கூராக்கு, முழங்கை மறைய இன்னும் அகலமாக்கு என்று. ஆனால் அதைச் செய்து காட்ட ஒருவர் தகட்டோடு உட்கார வேண்டும். அச்சு வார்த்து அழுத்தும் இயந்திரத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது அச்சு வேண்டும். கைக்கு ஒரு மரச் சுத்தியும் மணல் மூட்டையும் போதும். அந்தப் பந்தய வண்டிகளின் வரலாற்றில் பொறியாளர்களின் பெயரும் ஓட்டுநர்களின் பெயரும் பதிந்திருக்கின்றன. தகடு தட்டியவர்களின் பெயருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. இது நியாயமில்லை.

ஏனென்றால் குஸ்ஸியின் வெற்றியில் பாதி வடிவத்துக்குச் சேர வேண்டியது. ஜூலியோ செசாரே கார்கானோ வடிவமைத்த 350 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் எஞ்சினில் நாற்பது குதிரைத்திறன்கூட இல்லை. எதிரே வந்தவற்றில் பல அதைவிடச் சிலிண்டரும் பலமும் கூடியவை. ஆனாலும் 1953 முதல் 1957 வரை ஐந்து ஆண்டும் 350 சிசி உலகப் பட்டம் மண்டெல்லோவுக்கே வந்தது. எடையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசி ஆண்டில் வண்டி நூறு கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. மிச்சத்தைக் காற்றைப் பிளந்த அந்த உறை பார்த்துக்கொண்டது.

அதே கார்கானோதான் எட்டுச் சிலிண்டர் வண்டியையும் படைத்தார். 500 சிசிக்குள் எட்டுச் சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 44 மில்லிமீட்டர், ஒரு எலுமிச்சம்பழம் அளவு. எட்டு கார்புரேட்டர், தண்ணீரால் குளிர்வித்தல், நிமிடத்துக்கு 12,000 சுற்றில் 78 குதிரைத்திறன், மணிக்கு 275 கிலோமீட்டர். குஸ்ஸியின் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கும் இந்த வண்டியின் எஞ்சினைப் பார்க்கவே உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்று அதன் உறையையும் பார்ப்பது நல்லது. அதன் மங்கிய பச்சை அழகுக்காகப் பூசியதில்லை. எலெக்ட்ரான் எனப்படும் மக்னீசியக் கலவைத் தகட்டை ஈரம் அரிக்காமலிருக்க ஏற்றிய காப்புப் பூச்சின் நிறம் அது.

மக்னீசியத்தைத் தட்டுவது என்றால் என்ன என்பதை அறிய, முதலில் அலுமினியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒருவர் தனக்கேற்பக் கட்டிக்கொள்ளும் தனி வண்டிக்கென்று அலுமினிய டாங்க் செய்யும் பட்டறையில் வேலை சுத்தியில் தொடங்குவதில்லை. கம்பியை வளைத்தோ பலகையை அறுத்தோ வருங்கால டாங்கின் எலும்புக்கூட்டைச் செய்கிறார்கள். அதன்மேல் காகிதத்தைப் போர்த்தி, எங்கே மடிப்பு விழுகிறது, எங்கே காகிதம் போதாமல் கிழிகிறது என்று பார்க்கிறார்கள். கிழிகிற இடத்தில் உலோகம் விரிய வேண்டும். மடிகிற இடத்தில் சுருங்க வேண்டும். டாங்க் செய்வதற்கான கணக்கு முழுவதும் இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது. பிறகு ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள அலுமினியத் தகட்டை வெட்டுகிறார்கள்.

மணல் நிரப்பிய தோல் மூட்டையின் மேல், அல்லது நடுவில் குழி தோண்டிய மரக்கட்டையின் மேல் தகட்டை வைத்து, முட்டை வடிவத் தலையுள்ள கொட்டாப்புளியால் தட்டுகிறார்கள். முதல் அடிகளில் தகடு பார்க்கவே சகிக்காது. மேடும் பள்ளமுமாகப் பலாக்காய்த் தோல்போல் ஆகிவிடும். புதிதாகக் கற்கிறவர்கள் இங்கேதான் மனம் தளர்வார்கள். ஓரங்களில் விழும் மடிப்பை விரித்து நேராக்கிவிடவும் கூடாது. மடிப்பை உள்ளுக்குள்ளேயே அடித்துச் சேர்த்தால் அந்த இடத்தில் தகடு சுருங்கித் தடிக்கும். அப்படித்தான் கிண்ணத்தின் வாய் குவிகிறது.

சத்தம் மாறத் தொடங்கும். ஆரம்பத்தில் தொப் தொப் என்று விழுந்த அடி, கொஞ்ச நேரத்தில் கணீர் கணீர் என்று எழும். தட்டிய இடம் பள்ளமாகாமல் கொட்டாப்புளியைத் திருப்பி எறியும். உலோகம் எண்ணற்ற சிறு படிகங்களால் ஆனது. அடி விழும்போது படிகத்துக்குள் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித்தான் தகடு வளைகிறது. வழுக்க வழுக்க உள்ளே பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், சிடுக்கான நூல்போல. பிறகு வழுக்க இடமில்லை, தகடு முறுகிவிட்டது. பிடிவாதமாக இன்னும் நாலு அடி போட்டால் ஓரத்தில் கீறல் விடும். நல்ல தொழிலாளி கீறல் வரும்வரை காத்திருப்பதில்லை. காது சொன்னதும் சுத்தியைக் கீழே வைத்துவிடுகிறார்.

இப்போது தகட்டுக்கு நெருப்பு வேண்டும். ஆங்கிலப் பட்டறை வழக்கில் இதை அனீலிங் என்கிறார்கள். தமிழில் இளக்குதல் எனலாம். தகட்டை உருக்காமல், ஒரு குறிப்பிட்ட சூட்டுக்குக் கொண்டுபோனால், சிக்குண்ட பழைய படிகங்களின் இடத்தில் சிக்கில்லாத புதுப் படிகங்கள் முளைத்து வளரும். தகடு மறுபடி மெழுகுபோல் ஆகிவிடும். செம்பையும் பித்தளையையும் அடித்துப் பாத்திரம் செய்யும் நம் கன்னார்களும் இதே காரணத்துக்காகத்தான் பாத்திரத்தைத் திரும்பத் திரும்ப உலைக்குள் வைக்கிறார்கள்.

ஆனால் செம்பு பேசும் உலோகம். மங்கலான சிவப்பு ஏறியதும் போதும் என்று தெரிந்துவிடும். அலுமினியம் ஊமை. 660 டிகிரி செல்சியஸில் உருகும்வரை அது நிறம் மாறாது. கலவைகள் அதற்கு முன்னாலேயே உருகும். வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருந்த தகடு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொத்தென்று ஓட்டை விழுந்து கீழே கொட்டும். இளக்கத்துக்கு வேண்டிய சூடோ 400 டிகிரியை ஒட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சூட்டை எப்படிப் பிடிப்பது?

கரியால் பிடிக்கிறார்கள். வெல்டிங் சுடரில் ஆக்சிஜனை மூடிவிட்டு அசெட்டிலினை மட்டும் எரித்தால் சோம்பலான மஞ்சள் சுடரிலிருந்து கறுப்பு மசி கொட்டும். அதைத் தகடு முழுக்கப் படியவிடுவார்கள். பிறகு ஆக்சிஜனைத் திறந்து, சுடரை மென்மையாக்கி, ஓரிடத்திலும் நிற்காமல் வீசிக்கொண்டே போவார்கள். சூடு சரியாக வந்த இடத்தில் மசி எரிந்து மறையும். கறுப்புத் தகட்டில் வெள்ளி வட்டம் ஒன்று தோன்றி, சுடர் நகர நகர அதுவும் பரவும். கரி மறைந்ததும் சுடர் அங்கிருந்து விலக வேண்டும். மசிக்குப் பதில் சலவைச் சோப்பால் கோடு போட்டு அது பழுப்பேறுவதைப் பார்ப்பவர்களும் உண்டு. பைன் மரக் குச்சியைத் தேய்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. வெப்பமானி வாங்க முடிகிற காலத்திலும் இந்த முறைகள் போகவில்லை. வளைந்த தகட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் கருவி கரியைப்போல் வேறில்லை.

சூட்டில் அதிக நேரம் வைத்தாலும் ஆபத்துதான். புதுப் படிகங்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடும். அதன்பின் வளைத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரத்துப்போகும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தச் சொரசொரப்பு லேசில் போகாது.

எந்தத் தகடு என்பதையும் அறிய வேண்டும். 3003 என்று எண்ணிட்ட கலவை, கொஞ்சம் மாங்கனீசு சேர்ந்தது, பொறுமையானது. டாங்குக்குப் பலரும் அதையே எடுக்கிறார்கள். மக்னீசியம் சேர்ந்த 5052 சீக்கிரம் முறுகும், அடிக்கடி நெருப்பு கேட்கும். இவற்றை இளக்கியபின் காற்றில் ஆறவிட்டாலும் தண்ணீரில் போட்டாலும் ஒன்றுதான். 1906-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் கண்ட செம்பு கலந்த வகை வேறு குணம் கொண்டது. சூடேற்றித் தண்ணீரில் முக்கினால் முதலில் மெத்தென்று இருக்கும். பிறகு யாரும் தொடாமலே சில மணி நேரத்தில் தானாக இறுகும். விமானப் பட்டறைகளில் இந்த வகை ரிவெட்டுகளைப் பனிப்பெட்டியில் வைத்து இறுக்கத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

இனி அந்தப் பச்சை உறைக்குத் திரும்பலாம். மக்னீசியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் லேசானது. பந்தயக்காரர்களுக்கு அந்த ஆசை விடாது. ஆனால் அதன் படிகம் அறுகோண அமைப்புக் கொண்டது. குளிர்ந்த நிலையில் அணு அடுக்குகள் வழுக்குவதற்குப் பாதைகள் மிகக் குறைவு. குளிரில் அடித்தால் விரிசல்தான் மிஞ்சும். 225 டிகிரிக்கு மேல் போனால்தான் புதிய பாதைகள் திறக்கும். ஆகவே சூட்டிலேயே வைத்து, ஆறுவதற்குள் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அலுமினியத்தில் தட்டுவதும் இளக்குவதும் மாறி மாறி வரும். மக்னீசியத்தில் இரண்டும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். அதற்குமேல், அதன் துருவலும் தூளும் தீப்பிடித்தால் தண்ணீர் அணைக்காது, வளர்க்கும். 1955 ஜூன் 11 அன்று லெ மான் கார் பந்தயத்தில் கூட்டத்துக்குள் பாய்ந்து எரிந்த மெர்சிடிஸின் உடலும் எலெக்ட்ரான் தகடுதான். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் அன்று இறந்தார்கள். மண்டெல்லோவின் உறைகளை அழகு என்று சொல்லும்போது இந்த நெருப்பையும் சேர்த்தே நினைக்கத் தோன்றுகிறது.

1957 பந்தயக் காலம் முடிந்ததும் ஜிலேரா, மோண்டியால், குஸ்ஸி மூன்றும் ஒன்றாக விலகின. முன்சக்கரத்தை மூடும் உறைகளுக்கு உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு தடை விதித்தது; பக்கக் காற்றில் அவை பாய்மரம்போல் வண்டியைத் தள்ளிவிட்டன. மணிகள் ஓய்ந்தன. காற்றுச் சுரங்கம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

தகடு தட்டும் அந்தக் கை இன்று தனி வண்டிகளில் பிழைக்கிறது. பழைய குஸ்ஸியை வாங்கிக் கழற்றித் தனக்கேற்பக் கட்டிக்கொள்பவர்கள் முதலில் மாற்ற நினைப்பது டாங்கைத்தான். 1967-இல் வந்த வி7 தொடங்கி குஸ்ஸியின் இரண்டு சிலிண்டர்களும் வண்டிக்குக் குறுக்காக, இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அந்த எஞ்சினும் கார்கானோ வரைந்ததே. டாங்கின் முன்பகுதி சிலிண்டரின் சூட்டுக்கு மேலே விலகி நிற்க வேண்டும், பின்பகுதி ஒடுங்கி முழங்காலுக்கு இடம் தர வேண்டும். விரிதலும் சுருங்கலும் ஒரு சாணுக்குள் சந்திக்கும் அந்த இடுப்பில்தான் தகடு இரண்டு, மூன்று முறை நெருப்புக்குப் போய்த் திரும்புகிறது.

வடிவம் வந்தபின் மேடுபள்ளம் நீங்க, இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டை முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள். இந்தச் சக்கரப் பொறிக்கு ஆங்கிலச் சக்கரம் என்று பெயர். அல்லது உருண்டைத் தலை அடைகல்லில் வைத்து லேசான சுத்தியால் தட்டித் தட்டிச் சமப்படுத்துகிறார்கள். இந்தக் கடைசி அடிகளால் தகடு மறுபடி கொஞ்சம் முறுகும், அது வேண்டும். இளகிய தகட்டோடு விட்டால் விரல் அழுத்தினாலே டாங்க் குழியும்.

இரண்டு பாதிகளையும் பற்றவைப்பது தனிக் கவலை. வெல்டிங் சூடு பட்ட ஓரமெல்லாம் தானாகவே இளகிவிடும், இழுபட்டு நெளியும். கேஸ் வெல்டிங்கின் தையல் மெத்தென்று இருப்பதால் அதைச் சுத்தியால் தட்டித் தகட்டோடு தகடாகக் கரைத்துவிடலாம் என்று இன்றும் அதையே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதே தகட்டிலிருந்து மெல்லிய கீற்றாக வெட்டியதையே நிரப்புக் கம்பியாக உருக்குவதும் உண்டு. பற்றுக்குப் பூசிய ஃபிளக்ஸை வெந்நீரால் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். விட்டால் வெளியே தெரியாமல் அலுமினியத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

முடிவில் வாய்களை அடைத்து, உள்ளே லேசாகக் காற்றேற்றி, தையல் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவுகிறார்கள். எங்கேயாவது குமிழி எழுகிறதா என்று பார்த்து, எழுந்த இடத்தில் மீண்டும் சுடர். வெளிப்புறத்தைத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள், அல்லது வண்ணம் பூசுகிறார்கள். டாங்கின் அடியில், வண்டியின் முதுகெலும்புக் குழாய் உட்காரும் குடைவை மட்டும் பலர் சமப்படுத்துவதில்லை. வண்டியில் ஏற்றுவதற்கு முன் அங்கே கையை விட்டுத் தடவினால் கொட்டாப்புளியின் தடங்கள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்படும்.